எரிந்த எலும்புக்குப் பெயர் இல்லை

என்னை என் வீட்டை விட்டே துரத்தக்கூடிய விதியை எழுதியவன் நான்தான். எழுதியது மட்டுமல்ல, இரண்டு முறை மெய்ப்பும் பார்த்தேன். விதி எண் பதினான்கு: உறுப்பினர் எவரேனும் சாம்பலையோ எரித்த பொருளையோ ஏரியில் கரைத்தால், அவர் ஆயுள் முழுவதும் கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் வரக்கூடாது. என் வீடு கரையிலிருந்து முப்பது மீட்டரில் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் குடிநீர்க் குழாய்களை அளந்தே சம்பளம் வாங்கியவனுக்கு, அன்று சொந்த வீட்டை அளக்கத் தோன்றவில்லை.

பெருந்தாங்கல் ஏரிக்கரை மனை உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் நான். பெயர் தில்லைநாயகம். மேற்குக் கரையில் எங்களுக்கு அறுபத்திரண்டு மனைகள், அறுபத்திரண்டு பச்சைப் புல்வெளிகள், அறுபத்திரண்டு படித்துறைகள், ஒவ்வொரு படித்துறைக்கும் ஒரு கேமரா. எதிரே கீழ்க்கரை. அங்கே இருப்பவர்களுக்குப் படித்துறை கிடையாது. ஆள் உயர இரும்புக் கதவு போட்ட ஒரு பொது வழி மட்டும் உண்டு. கிழக்கு வாசல் என்பது அதன் பெயர். மீன் பிடிப்பவர்கள், துணி துவைப்பவர்கள், மாடு கழுவுபவர்கள், சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

ஏரிச் சட்டம் வந்து ஆறு வருஷமாகிறது. ஏரியின் சுத்தத்துக்குக் கரைச் சங்கமே பொறுப்பு. மூன்று முறை தண்ணீர் தரம் குறைந்தால் பொறுப்பு கையை விட்டுப் போகும். பொது வழியை நாமாக மூட முடியாது. ஆனால் அந்த வழியாகத்தான் அழுக்கு வருகிறது என்று நீர்ச்சாட்சி சொன்னால் மூடலாம். அப்படி மூடினால் எந்த நீதிமன்றமும் திறக்காது.

நீர்ச்சாட்சி என்பது ஏரி நடுவில் மிதக்கும் ஒரு மஞ்சள் குடமும், எங்கள் மன்ற அறையில் இருக்கும் ஒரு பெட்டியும். குடம் தண்ணீரை ருசி பார்க்கும், பெட்டி பேசும். தாமதமாக வரும் ரயிலுக்கு வருத்தம் தெரிவிக்கும் அம்மாளின் குரல் அதற்கு. தண்ணீரில் எது எப்போது எங்கே கலந்தது என்று அதற்குத் தெரியும். கை நனைத்தவர் தோலிலிருந்து உதிர்வதை வைத்து ஆளையே சொல்லிவிடும். அதற்காகத்தான் இரு கரைக்காரர்களிடமும் எச்சில் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதனிடம் இரண்டு நல்ல குணங்கள் உண்டு. பொய் சொல்லாது. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது. இரண்டாவது குணம் எனக்கு இல்லை என்று என் மனைவி சௌந்தரா அடிக்கடி சொல்வாள்.

சொல்வாள் என்றா எழுதினேன்? சொன்னாள். ஆவணியில் போய்விட்டாள்.

சௌந்தராவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. தெருமுனை தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து பார்த்த ஊர்கள் நாலு. கடைசி மாதம் படுத்தபடி ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு மத்தியானம் என் பக்கம் திரும்பினாள்.

“உங்களத்தான். செத்த பிறகாவது என்னை பஸ்ல ஏத்தாதீங்க. ராமேஸ்வரம் கீமேஸ்வரம்னு கிளம்பிடாதீங்க. இதோ இங்கயே விட்டுடுங்க.”

விதி பதினான்கைப் பற்றி அவளிடம் சொன்னேன். எழுதின ஆளிடமே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் படித்துறையில் கேமரா இருக்கிறது. ஆகவே ஒரு புதன்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு, துணிப்பையில் ஒரு மண்கலயத்தை வைத்துக்கொண்டு, ஏரியைச் சுற்றி நடந்து, கிழக்கு வாசலை மூடத் துடிக்கும் சங்கத்தின் செயலாளரான நான் அதே வாசலுக்குள் நுழைந்தேன். மீன்காரர் ஏகாம்பரம் பரிசலைக் கவிழ்த்து வைத்து அடிப்பாகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. பரிசலைத் திருப்பினார். நான் ஏறி உட்கார்ந்ததும், பரிசல் விளிம்பில் செருகியிருந்த, வாழையிலையில் சுற்றிய ஒரு பிடி சாமந்தியை எடுத்து என் மடியில் வைத்தார். அந்த நேரத்தில் அவரிடம் பூ எப்படி வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். அப்போது நான் யோசிக்கிற நிலையில் இல்லை.

மூன்று வாரத்தில் ஏரியில் பச்சைப் பாசி பூத்தது. ஏற்கனவே இரண்டு முறை தரம் குறைந்திருந்தது. சங்கத்தின் தலைவர் மனோன்மணி மேடம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அவசரமாகச் செயற்குழுவைக் கூட்டினார். பெட்டியிடம் அவர் கேட்டது இது: இம்மாதத்தில் கிழக்கு வாசல் பக்கம் பாசியைத் தூண்டும் பொருள் ஏதாவது கலந்ததா, எது, எப்போது?

“ஆம்,” என்றது பெட்டி. “ஒருமுறை. எரிந்த எலும்பு. புதன்கிழமை, காலை ஆறு மணி.”

என் கையிலிருந்த காபி தட்டில் கொட்டியது. வயசாகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். பொய் இல்லை, வயசாகித்தான் விட்டது.

அவர்கள் ஆளுக்கொன்று ஊகித்தார்கள். மாட்டெலும்பை எரித்துக் கொட்டுகிறார்கள் என்றார் ஒருவர். கரையிலேயே பிணம் எரிக்கிறார்கள் என்றார் இன்னொருவர். யாருடைய எலும்பு என்று மேடம் கேட்டார். எரிந்த எலும்புக்குப் பெயர் இல்லை, நெருப்பு அதை அழித்துவிடும் என்றது பெட்டி. நான் மூச்சு விட்டேன். அப்படியானால் கை நனைத்தவர் யாரென்று பொதுக்குழுவில் கேட்போம் என்றார் மேடம். நான் விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டேன்.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என்று முடிவானது. அன்றே கதவை வெல்டிங் செய்து மூட, மன்றத்தில் ஏரி அலுவலரும் வாசலில் வெல்டிங் ஆளும் தயாராக இருப்பார்கள். சட்டப்படி கீழ்க்கரைக்கு ஒரே ஓர் உரிமை உண்டு. வழியை மூடுவதற்கு முன் அவர்கள் தரப்பிலிருந்து ஒருவர் நீர்ச்சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்கலாம். ஒன்றே ஒன்று.

சனிக்கிழமை சாயங்காலம் ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனேன். அவரும் மனைவி கன்னியம்மாவும் வலையைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு நானே எழுந்து உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். பாதி வழியில் தைரியம் போய்விட்டால் என்ன செய்வதென்று தெரியாததால், முன்கூட்டியே சொல்லிவைக்க வந்ததாகவும் சொன்னேன்.

ஏகாம்பரம் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க கம்முனு இருங்க சார். வாயத் தொறந்தா உங்கள ஏரியாண்ட வுடமாட்டாங்க. அம்மா இங்க கீறாங்க. நீங்க எங்க போய் உக்காருவீங்க?”

“வாசலை மூடினா நீங்க எங்க போவீங்க?”

“நாங்க பார்த்துக்குவோம்.”

“ஆமா, பார்த்துக்குவோம்,” என்றாள் கன்னியம்மா. “வல இருக்குது, ஏரி இருக்குது, நடுவுல செவுரு இருக்கும். செவுத்து மேல நின்னு வீசுவாரு.”

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வேண்டாமென்று நினைத்தவர் போல வலைக்குள் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் நாற்காலி போதவில்லை. அறுபத்திரண்டு மனைகளிலிருந்தும் ஆள் வந்திருந்தது. செயலாளராக நான் பத்து வருஷம் கத்திக் கூப்பிட்டும் வராத கூட்டம். கீழ்க்கரையிலிருந்து ஏகாம்பரமும் கன்னியம்மாவும் மட்டும் வந்து பின் சுவரோரம் நின்றார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, எழுந்திருக்கக் கால் வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் தூரத்தில் கிழக்கு வாசலும் அதன் பக்கத்தில் வெல்டிங் ஆளின் மூன்று சக்கர வண்டியும் தெரிந்தன.

மேடம் கேள்வியைத் தாளைப் பார்த்து வாசித்தார். அந்தப் புதன்கிழமை, அந்த இடத்தில், தண்ணீரில் கை நனைத்தவர்கள் யார்?

“சொல்ல அனுமதி உள்ள பெயர் ஒன்று,” என்றது பெட்டி. “ஏகாம்பரம், கீழ்க்கரை.”

அறுபத்தோரு பேர் காதில் ஏகாம்பரம் மட்டும் விழுந்தது. என் காதில் முதல் மூன்று வார்த்தைகள் விழுந்தன. ஏனென்றால் அந்த அனுமதி விதியும் என் கைவண்ணம்தான். உறுப்பினர் பெயரை நீர்ச்சாட்சி பொதுவில் சொல்லக்கூடாது என்று போன வருஷம் சேர்த்தோம். கௌரவமானவர்கள் குடியிருக்கிற இடம் என்று காரணமும் எழுதியிருந்தேன்.

எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பியது. ஏகாம்பரம் வேட்டி மடிப்பை இறக்கிவிட்டார்.

“நாந்தான் கரைச்சேன்,” என்றார். “எங்கப்பா எலும்பு. வாசல மூடாதீங்க. என்ன மட்டும் வராதன்னு சொல்லுங்க, வரல.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மேடம் மேஜையைத் தட்டினார். நான் பார்த்தது கன்னியம்மாவை. புருஷனை அவள் பார்த்த பார்வையில் மீன் வெந்துவிடும்.

“யோவ், இன்னா சொல்ற நீ? உங்கப்பன எரிச்சமா? எருக்கஞ்செடியாண்ட பொதச்சு, போன மாசம்தான் கல்லு நட்ட.” பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். “நாங்க பொதைக்கிறவங்க. எங்க சனத்துல யாரையும் எரிக்கிறதே இல்ல. ஏரிக்கு இந்தாண்ட எத்தினி வருசமா கீறீங்க, அதுகூடவா தெரியாது?”

தெரியாது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கரையில் ஒரு சாவுக்கு நாங்கள் யாரும் போனதில்லை. பறைச் சத்தம் அதிகம் என்று இரண்டு முறை புகார் கொடுத்திருக்கிறோம். இரண்டையும் எழுதியவன் யாரென்று சொல்லத் தேவையில்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. என் கால்கள் எனக்கு முன்னால் முடிவெடுத்திருக்க வேண்டும்.

“அது சௌந்தரா,” என்றேன். “என் மனைவி. நான்தான் கரைச்சேன். ஏகாம்பரம் பரிசல் மட்டும்தான் ஓட்டினார்.”

மேடம் கேள்வித் தாளைக் கீழே வைத்தார்.

“செக்ரெட்டரி சார், விதி பதினாலு ஞாபகம் இருக்கில்ல?”

“நான்தானே மேடம் எழுதினேன்.”

யாரோ சிரித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். தியாகம் செய்தால் கதை முடிந்துவிடும் என்று நினைப்பது என் பழைய வியாதி. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பேசினார். செய்தவர் உறுப்பினர் என்றால் அவருக்கு விதிப்படி தண்டனை. ஆனால் கலந்தது கிழக்கு வாசல் வழியாகத்தான். வாசல் இருந்ததால்தான் நடந்தது. தரம் போனால் ஏரியே நம் கையில் இருக்காது. ஆகவே தீர்மானம் நிற்கிறது. அவர் முகத்தில் கோபம் இல்லை. கை மட்டும் கண்ணாடியை வேண்டியதற்கு மேல் துடைத்துக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே வெல்டிங் ஆள் வண்டியிலிருந்து சிலிண்டரை இறக்க ஆரம்பித்தான்.

கீழ்க்கரைக் கேள்வி பாக்கி இருக்கிறது என்று நான் சொன்னேன். ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். கன்னியம்மா அவரிடம் ஏதோ கேட்டாள், அவர் வேண்டாமென்று தலையசைத்தார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு நேராக முன்னால் வந்து பெட்டியின் எதிரில் நின்றாள். எச்சில் கொடுத்த நாளைத் தவிர அந்த அறைக்குள் அவள் வந்ததில்லை.

“நான் பேரு கேக்கல,” என்றாள் எங்களைப் பார்த்து. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு பெட்டிப் பக்கம் குனிந்து, காது மந்தமான ஒருவரிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். “இந்த ஆறு வருசத்துல, எரிஞ்ச எலும்பு, எங்க வாசலாண்ட, எத்தினி தடவ தண்ணில எறங்கிச்சு?”

“பதினேழு,” என்றது பெட்டி.



சங்கத்தில் யாராவது இறந்தால் இரங்கல் தீர்மானம் எழுதுவது செயலாளர் வேலை. ஆறு வருஷத்தில், சௌந்தராவுக்கு எழுதியதையும் சேர்த்து, பத்தொன்பது எழுதியிருக்கிறேன். அதில் முப்பத்தோராம் மனை ஸ்டீபன் சார் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். எட்டாம் மனை டாக்டர் தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். மீதி பதினேழு.

காசிக்குப் போய் வந்ததாகச் சொல்லிக் கங்கா ஜலம் கொடுத்தவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பவானி கூடுதுறையில் ஒரு காகம்கூட வரவில்லை என்று என்னிடம் அழுத பெண் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். ஒருவரும் பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை. மேடத்தின் கணவர் நடேசன் சார் இறந்து இரண்டு வருஷமாகிறது. அவருக்கு நான் எழுதிய தீர்மானம் கொஞ்சம் நீளம், நல்ல மனிதர். ராமேஸ்வரத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மேடம் எனக்குக் கோபுரத்தின் புகைப்படத்தைக் காட்டியிருந்தார். கோபுரம் மட்டும்தான் அதில் இருந்தது என்பது இப்போதுதான் உறைத்தது.

எல்லோர் படித்துறையிலும் கேமரா. எல்லோருக்கும் வழி அந்த ஒரு வாசல்தான். ஒரு பிடி சாமந்தி எப்போதும் பரிசலில் இருந்ததற்கு அதுதான் காரணம்.

கன்னியம்மா சுவரோரம் திரும்பிப் போய் நின்றுகொண்டாள்.

எங்கள் நடைமுறையில், தீர்மானத்தை முன்மொழிபவர் எழுந்து மைக்குக்கு வந்து தன் பெயரும் மனை எண்ணும் சொல்ல வேண்டும். மேடம் தாளைக் கையில் எடுத்தார். கிழக்கு வாசலை நிரந்தரமாக மூடும் தீர்மானத்தை முன்மொழிபவர் யார் என்று கேட்டார். குரல் சரியாகத்தான் இருந்தது. ஒருவரும் எழவில்லை. வழக்கமாக எல்லாவற்றையும் முன்மொழியும் காசிக்காரர் செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேடம் இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை.

கதவைத் திறந்து அலுவலர் தலையை நீட்டினார். “மூடணுமா, வேணாமா? வெல்டர் வேற எடத்துக்குப் போகணும்னு போன் பண்றார்.”

“போகச் சொல்லுங்க,” என்றார் மேடம்.

செயலாளராக என் கடைசி வேலை என்று தோன்றியதால், பெட்டியிடம் நானும் ஒன்று கேட்டேன். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பாசிக்கு முதல் காரணம் எது?

“மேற்குக் கரைப் புல்வெளிகளில் இடும் உரம்,” என்றது பெட்டி. ஆறு வருஷமாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்த மாதிரி எனக்குப் பட்டது. அது என் கற்பனை. ரயில் அம்மாளுக்கு அதெல்லாம் கிடையாது.

கூட்டம் கலைந்த பிறகு மேடம் என்னைத் தனியாக அழைத்தார். நான் சொன்னதை நடவடிக்கைக் குறிப்பில் எழுத வேண்டாம், மைக் சரியாக இல்லை என்று போட்டுவிடலாம் என்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அதை எடுத்துவிட்டால், குறிப்பில் மிஞ்சுவது ஏகாம்பரத்தின் பொய் மட்டும்தான். கீழ்க்கரைக்காரன் தானே ஒப்புக்கொண்டான் என்று இன்னொரு வருஷம் இன்னொரு தலைவர் அதை எடுத்து வாசிப்பார். எழுதிவிட்டேன், இரண்டு முறை மெய்ப்பும் பார்த்தேன்.

விதி விதிதான். பதினேழு பேர் கரைத்தோம், ஒருவன் சொன்னான், ஒருவனை விலக்கினார்கள். விலக்கு உத்தரவில் மேடம் கையெழுத்துப் போட்டபோது பேனா இரண்டு முறை எழுதாமல் நின்றது. வீட்டைக் காலி செய்ய மூன்று மாதம் கொடுத்தார்கள். சௌந்தராவின் ஜன்னலை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு தச்சரைக் கேட்டேன். முடியும் சார், ஆனா ஏரி வராதே என்றார்.

வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றுதான் விதியின் முதல் வார்த்தை கண்ணில் பட்டது. உறுப்பினர் எவரேனும். பொதுமக்களைத் தண்டிக்கச் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது என்பதால் உறுப்பினரை மட்டும் சொல்லி எழுதியிருந்தேன். மனை கைமாறிவிட்டது. நான் இப்போது உறுப்பினர் இல்லை. சட்டப்படி நான் பொதுமக்கள்.

கீழ்க்கரையில் கன்னியம்மாவின் தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. தினமும் காலையில் கிழக்கு வாசல் வழியாகப் போய்த் தண்ணீரோரம் உட்காருகிறேன். எதிர்க்கரையில் புல்வெளிகள் மஞ்சளாகிவிட்டன. உரம் நின்றுவிட்டது. தரம் தேறிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை விடிந்து சற்று நேரத்தில், இரும்புக் கதவுக்கு வெளியே மனோன்மணி மேடம் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வாசலில் மீன் பிரித்துக்கொண்டிருந்த கன்னியம்மாவிடம், உள்ளே வரலாமா என்று கேட்டார்.

“இது பொது வழிதான மேடம்,” என்றாள் கன்னியம்மா. “செருப்ப மாட்டிக்கினே வாங்க, முள்ளு கெடக்குது.”

ஏகாம்பரம் எதுவும் கேட்கவில்லை. பரிசலைத் திருப்பினார். “நடேசன் சாரு மதகாண்ட,” என்றார் துடுப்பை எடுத்துக்கொண்டே. “உங்க வூட்டம்மா அந்தப் புங்க மரத்து நெழல்ல கீறாங்க சார். எனுக்குத் தெரியும், போற வழிதான்.”

மேடத்துக்குப் பரிசலில் ஏறத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, ஆனால் ஒரு முறை விழுந்த அனுபவம் இருந்தது. கை கொடுத்தேன். மதகருகே பரிசல் நின்றபோது ஏகாம்பரம் துடுப்பை நீரில் வைத்தபடி அசையாமல் பிடித்துக்கொண்டார், அவர் கை மணிக்கட்டு வரை நனைந்தது. மேடம் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விரல்நுனிகளை மெல்ல உள்ளே விட்டார். தனியாக விட வேண்டாமென்று நானும் என் பக்கத்தில் கையை நனைத்தேன்.

தூரத்தில் மஞ்சள் குடம் ஆடிக்கொண்டிருந்தது. யாராவது கேட்டால் அது சொல்லும்: செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பத்து, மதகருகே, நனைந்த கைகள் மூன்று பேருடையவை. சொல்ல அனுமதி உள்ள பெயர்கள் இரண்டு.